மாணவர் விசா முடிகிறது, வேலை விசா இன்னும் வரவில்லை: கேள்வி பதில்

பிள்ளைகளைப் பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பிய திருகோணமலைக் குடும்பங்களும், அங்கிருக்கும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை.

உவர்மலை, ஒரு அம்மா: மகன் வேலை விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டான். முடிவு வர முன்னமே மாணவர் விசா முடிந்தால் கள்ளமாக இருக்கிறான் என்றாகாதா?

ஆகாது அக்கா. விசா முடிய முன் விண்ணப்பித்திருந்தால், 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவுப்படி பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு முடிவு வரும்வரை தானாக நீளும். இதற்கென்று தனியாக ஒன்றும் எடுக்கத் தேவையில்லை. ஆன்லைனில் காசு கட்டி அனுப்பிய நாள்தான் கணக்கு, கைரேகை கொடுத்த நாள் அல்ல. அனுப்பியதை உறுதிசெய்து வந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் 3சி இல்லை. 14 நாள் சலுகை என்று ஊரில் பேசுவது, தக்க காரணம் இருந்தால் பிந்திய விண்ணப்பத்தையும் பார்ப்பார்கள் என்பது மட்டுமே. அந்த நாட்களில் வேலை செய்ய உரிமை இல்லை.

நிலாவெளி: முடிவுக்குக் காத்திருக்கும்போது முழுநேர வேலை செய்யலாமா?

படிப்பு முடியவில்லை என்றால் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை. மாஸ்டர்ஸ் பிள்ளைகளே, ஆய்வேடு எழுதும் கோடைகாலம் உங்களுக்கு விடுமுறை அல்ல. இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். படிப்பை முடித்து கிராஜுவேட் விசாவுக்கு (படிப்பை முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்யும் விசா) விண்ணப்பித்தவர் நிரந்தர வேலையிலும் சேரலாம். முதலாளி தயங்கினால், ஹோம் ஒஃபிசின் (குடிவரவைப் பார்க்கும் பிரிட்டன் உள்துறை அமைச்சு) முதலாளிகளுக்கான சரிபார்ப்புச் சேவையில் கேட்கச் சொல்லுங்கள். 6 மாதத்துக்கு உறுதிக் கடிதம் கொடுப்பார்கள்.

சாம்பல்தீவு: விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு வந்து போகலாமா?

வராதீர்கள்.

அன்புவழிபுரம்: ஏன் பயப்படுத்துகிறீர்கள்? என் மச்சான் போன வருடம் வந்து போனவன்.

முடிவு கிடைத்த பிறகு வந்திருப்பார், அல்லது பழைய விசாவில் நாள் மிச்சம் இருந்திருக்கும். மிச்சம் இருந்ததென்றால் திரும்ப உள்ளே விட்டிருப்பார்கள், ஆனால் விமானம் ஏறிய அன்றே அவருடைய விண்ணப்பம் வாபஸ் ஆகியிருக்கும். 3சியில் மட்டும் இருப்பவர் வெளியேறினால் அதுவும் போய்விடும். திரும்பிப் போக அனுமதியே இருக்காது.

அன்புவழிபுரம்: அப்பம்மாவின் செத்த வீட்டுக்கும் வரக் கூடாதா?

தம்பி, அந்த விதியில் துக்கத்துக்கு விலக்கு இல்லை. வருவதா இல்லையா என்பது உங்கள் முடிவு, ஆனால் விலை தெரிந்து வாருங்கள். ஸ்கில்ட் வேர்க்கர் விசாவென்றால் (நிறுவனம் ஸ்பொன்சர் செய்யும் வேலை விசா), சிஓஎஸ் எனும் ஸ்பொன்சர் சான்றிதழ் தந்த நிறுவனம் ஒத்துழைத்தால் இலங்கையிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கலாம். கிராஜுவேட் விசாவுக்கு பிரிட்டனுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். வெளியே வந்தால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

பாலையூற்று: கல்யாணத்துக்கு ஒரு வாரம் மட்டும்...

மேலே இரண்டு பதில் இருக்கிறது. ஒரு நாளும் ஒன்றுதான், ஒரு வாரமும் ஒன்றுதான்.

கிண்ணியா: ஒருவர் காசுக்கு சிஓஎஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். காணியை விற்றுக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பங்களை நினைத்துத்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். ஸ்பொன்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே இணையத்தில் வைத்திருக்கிறது, முதலில் அதில் பெயர் பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் பொதுச் சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண்ட். படித்து முடித்து வருபவர்களுக்குச் சலுகை எல்லை 33,400. வேலை பொதுவாகப் பட்டதாரித் தரத்தில் இருக்க வேண்டும். கடை மேசையில் நிற்கும் வேலைக்கு சிஓஎஸ் என்றால் அது பொய்.

சல்லி: அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பி வேலை விசாவுக்கு மாறுவது எப்படி?

என் துறை அல்ல. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

மூதூர்: விசா நாளை முடிகிறது. சிஓஎஸ் வரவில்லை. என்ன செய்ய?

சிஓஎஸ் இல்லாமல் வேலை விசாவுக்குப் போட்டுக் காசை விடாதீர்கள். நீங்கள் படிப்பை முடித்ததைப் பல்கலைக்கழகம் ஹோம் ஒஃபிசுக்கு அறிவித்துவிட்டதா? இப்போதே தொலைபேசியில் கேளுங்கள், பாஸ் என்று உங்களுக்கு வந்த மின்னஞ்சல் போதாது. அறிவித்திருந்தால் இன்றிரவே கிராஜுவேட் விசாவுக்குப் போடுங்கள். அது ஆயுளில் ஒரு தடவைதான், ஆனால் சிஓஎஸ் வந்ததும் அதிலிருந்து மாறலாம். அறிவிக்கவில்லை என்றால் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரை இன்றே பிடியுங்கள்.