வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க்கு யாரிடம் கேட்பது?

வாசகி ஒருவரின் கேள்வி: "எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறோம். இருபது பெண்கள் சேர்ந்து குழு வைத்திருக்கிறோம். சிலர் மீன் விற்கிறார்கள், சிலர் ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். பெருமழை பெய்தால் தண்ணீரோடு எண்ணெயும் சாம்பலும் வீட்டுக்குள் வருகின்றன. காற்று திரும்பினால் ராத்திரியில் மூச்சு முட்டுகிறது. மனு கொடுத்தால், 'புயல் வந்தது, பருவநிலை மாறிவிட்டது, இயற்கையை யார் என்ன செய்ய முடியும்' என்கிறார்கள். நிவாரணப் பட்டியலிலும் படகு இல்லாத எங்களில் பலர் பெயர் இல்லை. வழக்குப் போட வசதி கிடையாது. பல வீட்டு ஆண்கள் ஆலைகளிலேயே ஒப்பந்த வேலை பார்க்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

சகோதரி, "இயற்கை" என்று உங்களுக்குச் சொன்ன பதிலை முதலில் பார்த்துவிடுவோம். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதற்கு மேல் பேச முடியாமல் திரும்பி வந்திருக்கிறீர்கள்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை அதைப் பார்த்தது. ஆனால் மழை எண்ணெயைத் தயாரிப்பதில்லை. 2023இல் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் கலந்து கழிமுகத்துக்கு வந்தது. தண்ணீர் அதைச் சுமந்து வந்தது, அவ்வளவுதான். வெள்ளம் புகுந்தால் வெளியேறிவிடும்படி அதை வைத்திருந்தது மனிதர்கள்.

சாம்பல் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கசியும் சாம்பல் கழிமுகத்தில் படிகிறது. ஆழம் குறைகிறது, மீன் குறைகிறது. அப்புறம் பெருமழை நாளில் கடலுக்கு வடிய வேண்டிய தண்ணீர் வடிய வழியில்லாமல் உங்கள் வாசலில் நிற்கிறது. பூமியைச் சூடாக்குவதும் அதே நிலக்கரிப் புகைதான். மழையைப் பெரிதாக்குகிற வேலையும் அது வடியும் வழியை அடைக்கிற வேலையும் ஒரே இடத்தில் நடக்கும்போது, "பருவநிலை மாற்றம்" என்ற சொல்லை உங்களுக்கு எதிரான பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது உங்கள் பக்க நியாயம்.

சட்டமும் இதில் உங்களோடுதான் நிற்கிறது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டைச் சொன்னது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு முழுப்பொறுப்பு. இயற்கையின் சீற்றம் என்று சொல்லித் தப்ப முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பது 1996இல் நாட்டின் சட்டமானது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த மனுவில் இந்த மூன்றையும் மூன்று வரியில் எழுதுங்கள். மனு வாங்குபவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. நீதிமன்றத்திலிருந்தோ மறியலிலிருந்தோ தொடங்க வேண்டாம். பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்யப் படகுக்கு 10,000 ரூபாய். இப்படி ஓர் அறிவிப்பு வந்ததும் அதிகாரிகள் கையில் எடுப்பது ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைத்தான்: மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல், படகுப் பதிவு, குடும்ப அட்டை. பறியோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இறால் தடவும் இருளர் பெண் அந்தப் பதிவேடு எதிலும் தொழிலாளியாக இல்லை. கூடைக்காரி இல்லை, கருவாடு காயவைப்பவர் இல்லை. சேற்றில் எண்ணெய் படிந்தால் முதலில் தோல் எரிவது அவருக்கு, கடைசியில் பெயர் வருவதும் அவருக்கு, வந்தால். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்து நான் கண்டதில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். அதனால், பேரிடர் இல்லாத இந்த நாட்களிலேயே உங்கள் குழு ஒரு கணக்கெடுப்பு செய்துவிட வேண்டும். யார், என்ன வேலை, ஆற்றில் எந்த இடத்தில், மாதத்தில் எத்தனை நாள், நல்ல நாளில் எவ்வளவு வருமானம் என்று எழுதுங்கள். படகில்லாதவர்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியரிடமும் ஒன்றை மீன்வளத் துறையிடமும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நாளை நிவாரணப் பட்டியல் தயாராகும்போது "இவர்கள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர் மாவட்டம். ஓர் அலுவலகத்தில் கொடுத்தால் "அது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் வரலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலுக்கு அடுத்தது குறிப்பேடு. சாதாரண நூறு பக்க நோட்டு போதும். நாற்றம் வந்த தேதி, மணி, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படிப்பட்ட நாற்றம் (அழுகிய முட்டை, மண்ணெண்ணெய், கண் எரியும் அம்மோனியா), காற்று எந்தப் பக்கம், யாருக்கு என்ன ஆயிற்று. காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்று நீங்கள் வழங்கும் பெயரிலேயே எழுதலாம். பக்கத்தில் திசையைக் குறித்தால் போதும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படி ஓர் இரவில், எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் நாற்றம் வந்தது என்பதை அங்கே இருந்தவர்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

செல்போன் படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால், எங்கே எப்போது எடுத்தது என்ற விவரம் அழிந்துவிடும். எடுத்த போனிலேயே மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள். அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள். இருப்பிடம் பதிவாகும் வசதியைப் போனில் இயக்கி வையுங்கள். உடம்புக்கு ஆகவில்லை என்றால் மருந்துக் கடையோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எதைச் சுவாசித்தீர்கள், எதில் கை வைத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். "இருமல்" என்று மட்டும் எழுதிய சீட்டு பிறகு அதிகம் உதவாது. இன்னொன்று, எண்ணெய் மிதந்தால் தயவுசெய்து வெறுங்கையால் அள்ளாதீர்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோதும் வாளியால்தான் அள்ளினார்கள், 2023இலும் மீனவர்கள் சரியான கையுறைகூட இல்லாமல் இறங்கினார்கள். அதைச் சுத்தம் செய்வது உங்கள் கடமை அல்ல.

"எங்கள் குறிப்பை யார் மதிப்பார்கள்" என்று நினைக்கலாம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். எந்த நாற்றம் எந்த ஆலையிலிருந்து என்று எழுதி வந்தார்கள். பிறகு 2004இல் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் வந்த ரசாயனங்களின் பெயர்களைச் சொல்லிக் கேட்டபோது பதில் சொல்லவேண்டிய நிலை எதிர்த்தரப்புக்கு வந்தது. வாளியில் பிடித்த காற்று மட்டுமே ஒரு ஆலையைத் தண்டிக்கப் போதாது, அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி எடுத்த மாதிரி வேண்டும். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே வந்து எடுக்க வேண்டும் என்பதைக் காட்டுவது உங்கள் குறிப்பேடுதான்.

மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் கையெழுத்திட்டால் அதுவும் வேண்டாம். ஆலையை இயக்க வாரியம் கொடுத்த அனுமதி (இயக்க இசைவாணை), அதிலுள்ள நிபந்தனைகள், கடைசி ஆய்வு அறிக்கைகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நிபந்தனையையும் உங்கள் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் என்ன கேட்பது என்பது தானாகத் தெரியும்.

வழக்குக்கு வசதியில்லை என்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உங்கள் குழுவில் எல்லோருமே இதில் வருவீர்கள். தொலைபேசி எண் 15100. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணமே இல்லை. கழிமுகச் சாம்பல் தொடர்பாக 2022இல் வந்த உத்தரவும் ஒரு மீனவர் தொடுத்த வழக்கில் கிடைத்ததுதான்.

காலக்கெடுவில் மட்டும் கவனமாக இருங்கள். மாசை நிறுத்தச் சொல்லும் மனுவை, பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில், மாசு நேர்ந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் மனுவுக்கு 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு இருக்கிறது. "அதிகாரி பார்க்கிறேன் என்றார்" என்று காத்திருந்து ஆறு மாதத்தைத் தவறவிட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். மாசு நேர்ந்த தேதியையே நாட்காட்டியில் குறித்து, நான்காவது மாதத்தில் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். வழக்கு நீளும் என்பதையும் குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 தொழிலாளர் தொடர்பான உடன்பாடு 2016இல்தான் வந்தது.

கடைசியாக, ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டு ஆண்கள். இதைத்தான் நீங்கள் தயங்கித் தயங்கிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான். "ஆலையை மூடு" என்று தொடங்கினால் அன்றைக்கே ஊர் இரண்டாகும். தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, போராட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் முதல் கோரிக்கைகள் ஒப்பந்தத் தொழிலாளியும் கையெழுத்துப் போடக்கூடியவையாக இருக்கட்டும். உடைந்த சாம்பல் குழாயை மாற்ற வேண்டும், கழிமுகத்தில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும், வாயு கசிந்தால் ஊருக்குக் கேட்கும் சங்கு வேண்டும், எந்தப் பக்கம் ஓடுவது என்று வருடத்துக்கு இரண்டு முறை ஒத்திகை நடத்த வேண்டும். குழாய் எங்கே பலவீனமாக இருக்கிறது என்பது அந்த ஆண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாமல், சொன்ன தகவலை மட்டும் எழுதுங்கள்.

பட்டியலின் முதல் பிரதி தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள், தொழில் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று யாரையாவது எழுதியிருந்தால் திருத்தித் தருகிறேன்.