1898-ல் போட்ட வரி இன்னும் போன் பில்லில் ஏன் வருகிறது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அம்மா கழுத்தில் போட்டிருக்கும் அவசர பட்டனுக்காகவே வீட்டில் லேண்ட்லைன் வைத்திருக்கிறோம். பில்லில் மாதா மாதம் 'ஃபெடரல் எக்சைஸ் டாக்ஸ்' என்று 3 சதவீதம் பிடிக்கிறார்கள். 2006-லேயே இதை ரத்து செய்துவிட்டதாக அலுவலக நண்பர் சொல்கிறார். கட்டியதைத் திரும்பக் கேட்கலாமா சார்?

பதில்: கேட்க முடியாது. நண்பர் சொன்னது பாதிதான் சரி.

ஸ்பெயினோடு நடந்த போரின் செலவுக்காக 1898-ல் அமெரிக்கா போட்ட வரி இது. 15 சென்டுக்கு மேல் ஆகும் வெளியூர் அழைப்புக்கு 1 சென்ட். அன்றைக்கு போன் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள்தானே! 1902-ல் அதை நீக்கினார்கள். முதல் உலகப் போர் வந்ததும் வரியும் திரும்பி வந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் 10 சதவீதம் ஆகி, கடைசியில் 3-ல் வந்து நின்றது. 2000-ல் பிரதிநிதிகள் சபை 420-க்கு 2 என்ற கணக்கில் ரத்து மசோதாவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை.

2006-ல் நடந்தது வேறு. நேரம், தூரம் இரண்டையும் வைத்துக் கட்டணம் மாறினால்தான் அது வெளியூர் அழைப்பு என்கிறது சட்டம். கம்பெனிகளோ எந்த ஊருக்குப் பேசினாலும் நிமிடத்துக்கு ஒரே கட்டணம் என்று மாறிவிட்டிருந்தன. நீதிமன்றங்களில் அடுத்தடுத்துத் தோற்ற கருவூலத் துறை, வெளியூர் அழைப்புக்கும், உள்ளூர் வெளியூர் எல்லாம் சேர்ந்த பிளான்களுக்கும் வரியை விட்டுக்கொடுத்தது. 2006 வருமான வரிக் கணக்கில், பழைய பில் எதுவும் காட்டாமலேயே, குடும்ப அளவைப் பொறுத்து 30 முதல் 60 டாலர் வரை திரும்பக் கிடைத்தது. அந்தக் கெடு முடிந்து பல வருடம் ஆகிறது.

உள்ளூர்ச் சேவைக்குத் தனியாகக் கட்டணம் போட்டால் 3 சதவீதம் இன்றும் உண்டு. உங்கள் பில்லில் இருப்பது அதுதான். உள்ளூர்க் கட்டணம் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1.20, வருடத்துக்கு 14.40 டாலர். இதைத் தவிர்க்க எல்லாம் சேர்ந்த பிளானுக்கு மாறி, மாதம் 10 டாலர் கூடுதலாகக் கட்டிவிடாதீர்கள்.

பில்லில் அதற்கு மேலும் கீழும் பாருங்கள். 'யுனிவர்சல் சர்வீஸ்' என்று வருவது வரி அல்ல. எல்லோருக்கும் போன் வசதி கிடைக்க வைத்திருக்கும் நிதிக்குக் கம்பெனி தான் செலுத்தும் தொகையை உங்கள் தலையில் கட்டுவது. 'ரெகுலேட்டரி', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' என்று வருபவை பெரும்பாலும் கம்பெனியே வைத்த கட்டணம். போன் போட்டு, விலகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அடிப்படைக் கட்டணத்திலாவது குறைக்க வாய்ப்புண்டு.

அப்புறம், செல்போன் சிம்மில் வேலை செய்யும் அவசர பட்டன்களும் இருக்கின்றன. அம்மாவுடைய பட்டன் கம்பெனியிடமே கேளுங்கள். ஆனால் புதியது வந்து, குளியலறையில் நின்று அழுத்திப் பார்த்து, மறுமுனையில் ஆள் பேசிய பிறகே லேண்ட்லைனை வெட்டுங்கள்.