எச்.ஐ.வி. உள்ளவர் மாத்திரை சாப்பிட்டால் மனைவிக்குத் தொற்றாது என்பது உண்மையா? அதற்கு ஆய்வு இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். தம் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மருந்து தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், அண்ணிக்குத் தொற்று இல்லை என்றும், "ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் மனைவிக்குப் பரவாது" என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

மருத்துவர் சொன்னது உண்மைதான். ஆய்வும் இருக்கிறது, அதில் ஒரு பகுதி நம் சென்னையிலேயே நடந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் திருத்தமாகச் சொல்ல வேண்டும். மாத்திரையால் ரத்தத்தில் உள்ள வைரஸின் எண்ணிக்கை கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அந்த நிலையிலேயே தொடர்ந்து இருந்தால், உடலுறவின் வழியாகத் துணைவருக்குப் பரவாது என்பதே ஆய்வுகள் காட்டியது. மாத்திரை வாங்கி வருவதும் வைரஸ் இறங்கியிருப்பதும் ஒன்றல்ல. தருமபுரி மாவட்டத்தில் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ஒரு நம்பிக்கை மையத்திலும் பிறகு எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆற்றுநராக (ஆலோசகராக) ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், இந்த ஒரு வேறுபாட்டை விளங்க வைப்பதற்கே என் நேரத்தில் பாதி போயிற்று என்று சொல்வேன்.

எச்.பி.டி.என். 052 என்பது அந்த ஆய்வின் பெயர். ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 1,763 இணையர்கள் 9 நாடுகளிலிருந்து அதில் சேர்ந்தார்கள். இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் அது நடந்தது. சென்னையில் அதை நடத்திய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கியவர் டாக்டர் சுனிதி சாலமன். 1986-இல் தம் மாணவி நிர்மலாவுடன் சேர்ந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தவரும் அவர்தான்.

இணையர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் தொற்று உள்ளவருக்கு உடனே கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. மற்றொரு பிரிவில் சி.டி.4 அணுக்கள் (நோயை எதிர்க்கும் ரத்த அணுக்கள்; எச்.ஐ.வி. அழிப்பது இவற்றைத்தான்) 250-க்குக் குறையும்போது, அல்லது நோய் அறிகுறி தோன்றும்போது தொடங்கப்பட்டது. இதை நான் சொல்லும்போதெல்லாம், "மருந்து இருந்தும் சிலருக்குக் கொடுக்காமல் வைத்தார்களா?" என்று யாராவது கோபமாகக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சி.டி.4 நன்றாகக் குறைந்த பிறகு தொடங்கினால் போதும் என்பதே அன்றைய பொது வழக்கம். சீக்கிரமாகத் தொடங்குவதால் பரவல் குறையுமா என்பதற்கு அதுவரை உறுதியான சான்று இல்லை. இரண்டு பிரிவினருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் வழங்கப்பட்டன. 2011-இல் இடைக்கால முடிவுகளைப் பார்த்த தனிக் கண்காணிப்புக் குழு, வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு காத்திருக்க வைப்பது தகாது என்று சொன்னதால், எல்லோருக்கும் மருந்து அளிக்கப்பட்டது.

அதுவரை துணைவர்களில் 39 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. இருவரின் வைரஸ்களையும் மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்த்ததில், 28 பேருக்கு மட்டுமே தம் இணையரிடமிருந்து வந்தது உறுதியானது. அந்த 28-இல் 27 பேர் தாமதமாக மருந்து தொடங்கிய பிரிவினர், ஒருவர் மட்டுமே உடனே தொடங்கிய பிரிவினர். உடனே மருந்து தொடங்கினால் பரவல் 96 சதவீதம் குறைகிறது என்று பத்திரிகைகளில் வந்த கணக்கு இதுதான். ஆய்வு தொடர்ந்து நடந்து 2016-இல் இறுதி முடிவு வெளியானபோது அது 93 சதவீதமாக இருந்தது.

"அப்படியானால் மீதி 7 சதவீதம்?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். எனக்கு 96, 93 என்ற எண்களைவிட எட்டுப் பேரின் கதைதான் முக்கியமாகத் தோன்றியது. இணையர் மருந்து தொடங்கிய பிறகும், அவரிடமிருந்தே தொற்று வந்த எட்டுப் பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு, இணையர் மருந்து தொடங்கிய புதிதில், வைரஸ் இறங்குவதற்கு முன்பே தொற்றியிருந்தது. மற்ற நான்கு பேருக்கு, இணையரின் உடலில் மருந்து வேலை செய்யாமல் போய் வைரஸ் மறுபடியும் ஏறிய பிறகு தொற்றியிருந்தது. வைரஸ் இறங்கி அப்படியே நிலைத்திருந்த காலத்தில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. பின்னர் ஐரோப்பிய நாடுகளில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. ஆண்–பெண் இணையர்களும் ஆண்–ஆண் இணையர்களும் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டதில் ஒரு தொற்றுகூட இணையரிடமிருந்து வரவில்லை என்று 2016-இலும், 782 ஆண் இணையர்களிடம் சுமார் 76,000 முறையில் ஒன்றுகூட இல்லை என்று 2019-இலும் அவை தெரிவித்தன.

அந்த எட்டுப் பேரை நான் மறக்காமல் சொல்வதற்குக் காரணம் நம் மாவட்டங்களின் பிழைப்பு. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்கும் பொங்கலுக்கும்தான் ஊர் திரும்புவார்கள். மருந்து இங்கே, வேலை அங்கே என்றால் மாத்திரை தவறத்தான் செய்யும்.

2019-இல் எங்களிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன்; யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் சென்ட்ரிங் வேலை செய்பவர். மனைவிக்குத் தொற்று இல்லை. கணவர் ஒழுங்காகச் சாப்பிடுவதாகத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னார், ஆனால் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் எண்ணிக்கை, நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. ஆயிரத்துக்கு மேல் போனால் தொடர்ந்து ஆலோசனை கொடுத்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது விதி. அன்றைக்கு மனைவி மஞ்சள் பையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்து வைத்தார். தீர்ந்திருக்க வேண்டிய டப்பாவில் பதினொரு மாத்திரைகள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு பஞ்சு உருண்டை. ஏழு பேர் படுக்கும் தகரக் கொட்டகையில் டப்பாவை எடுக்கும்போது சத்தம் வரக்கூடாது என்பதற்காக வைத்த பஞ்சு அது. நான் மாத்திரைகளை எண்ணி முடித்ததும், முந்தைய சந்திப்பில் ஆய்வைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்திருந்த அந்தப் பெண், கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், அந்த எட்டுப் பேர்ல நானும் ஒருத்தி ஆயிடுவேனா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணவர் சொன்னார்: "மாத்திரை போட்டுட்டுப் படுத்தா காலையில சாரத்துல ஏறும்போது தலை சுத்துது மேடம். கீழ விழுந்துட்டா யாரு பாக்கறது?"

அவர் சொன்னது பொய்யல்ல. அன்றைய கூட்டு மருந்தில் இருந்த எஃபாவிரென்ஸ், பலருக்குத் தலைச்சுற்றலும் கெட்ட கனவுகளும் கொடுக்கும். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேனே தவிர, "சாப்பிட்டால் என்ன செய்கிறது?" என்று கேட்டதில்லை. மருத்துவர், இரவு பதினொரு மணிக்குப் பதிலாக எட்டு மணிக்கே போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்த பரிசோதனை முடிவு வரும்வரை ஆணுறையைக் கட்டாயமாக்கினோம். மூன்று மாதம் கழித்து அவருடைய முடிவு "கண்டறிய இயலவில்லை" என்று வந்தது. மனைவிக்கு நான் அங்கிருந்தவரை செய்த எல்லாப் பரிசோதனையிலும் தொற்று இல்லை.

இப்போது தரப்படும் டி.எல்.டி. மாத்திரையில் எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டொலுடெக்ராவிர் இருக்கிறது. அதில் இந்தத் தலைச்சுற்றல் தொல்லை மிகவும் குறைவு, வைரஸும் வேகமாக இறங்குகிறது. ஒன்று மட்டும் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் சிரப்பை இந்த மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். சிரப் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, அல்லது குடித்து ஆறு மணி நேரம் கழித்து மாத்திரையைப் போட வேண்டும். வேலைக்காக வெளியூர் போவதாக இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் முன்கூட்டியே சொன்னால், அங்குள்ள அரசு மையத்தில் மருந்து பெற வழி செய்து தருவார்கள். சொல்லாமல் போவதுதான் இழப்பு.

நான் மேலே சொன்னதெல்லாம் உடலுறவு வழியாகப் பரவுவதைப் பற்றியது. தாய்ப்பால், பகிர்ந்துகொள்ளும் ஊசி ஆகியவற்றுக்கு இதே உறுதியை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. மற்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான். தட்டு, டம்ளர், துணி, கழிவறை ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதே இல்லை என்பதால், வீட்டில் அவருக்கென்று தனித் தட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இன்னொன்றும் உங்கள் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும்: ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவருடைய சம்மதமின்றி வெளியே சொல்வதையும், அதைக் காரணம் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுப்பதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

அண்ணிக்குப் பரிசோதனை ஒருமுறைதான் செய்திருக்கிறார்கள் என்றால் அது போதாது. தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடிய இடைவெளிக்காலம் உண்டு என்பதால், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும், அதற்குப் பின் மையத்தில் சொல்லும் கால இடைவெளியிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

மருந்து தொடங்கி எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது மாதத்தில் எடுக்க வேண்டிய வைரல் லோடு பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அண்ணியும் கூடப் போய், அந்த எண் எவ்வளவு என்று இருவருமாகக் கேட்கட்டும். இன்னும் எடுக்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும். முடிவு வரும்வரை ஆணுறையை நிறுத்த வேண்டாம்.