நாள் முழுக்கத் தைப்பவர்களுக்குக் கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு வலி ஏன் வருகிறது? தொழிலை விடாமல் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் மாத்திரையிலும் கழுத்துப் பட்டையிலும் தொடங்காமல், ஸ்டூலிலும் மெஷின் பலகையிலும் தொடங்க வேண்டும். தையல்காரருக்கு வலி எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டாலே, பெரும்பாலும் எந்தச் சாமானின் அளவு தப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

முதலில் கழுத்து. தைக்கும்போது கண் ஊசி முனையை விட்டு நகராது. ஊசி தாழ்வாக இருந்தால் தலை குனிந்தே ஆகவேண்டும். தலையின் எடை சுமார் 4.5 முதல் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு அதைத் தாங்கும்; குனிந்ததும் பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. தளராமல் இறுகியே இருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறையும். பிடரியில் தொடங்கித் தோள்பட்டைக்கு இறங்கும் கனமும் எரிச்சலும் அதனால் வருபவை.

உங்கள் அளவை இப்படிப் பாருங்கள். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஊசித் தட்டு, அதாவது ஊசி இறங்கும் தகடு, அதைவிட 5 செ.மீ. அளவு உயரமாக இருப்பது நல்லது. முழங்கைக்குக் கீழே இருந்தால் கழுத்து குனியும், அளவுக்கு மீறி உயர்ந்தால் தோள் தூக்கிக்கொண்டு அங்கே வலி வரும். சாதாரண மேஜை மேல் வைத்துத் தைக்கும் சிறிய மின்சார மெஷின்களில் இந்த இரண்டாவது கோளாறுதான் அதிகம். அங்கே ஸ்டூலை உயர்த்தி, பெடலுக்கு அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள்.

பலகையை உங்கள் பக்கம் லேசாகச் சாய்ப்பது இன்னும் பலன் தரும். 50 செ.மீ. ஆழமுள்ள பலகையில் பின்கால்கள் இரண்டுக்கும் 5 செ.மீ. மரக்கட்டை கொடுத்தால் ஏறக்குறைய 6 டிகிரி சாயும். கட்டையில் குழி தோண்டிக் காலை அதில் இறக்குங்கள். இல்லையென்றால் அதிர்வில் நழுவிவிடும். அடியில் எண்ணெய்த் தொட்டி உள்ள தொழிற்சாலை மெஷினைச் சாய்க்க வேண்டாம், எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அதற்கு உயரத்தை மட்டும் மாற்றுங்கள்.

இத்தனையும் செய்து வெளிச்சம் போதாவிட்டால் தலை மறுபடியும் குனியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது அறை விளக்கு உதவாது. ஊசிக்கு இடப்பக்கத்திலிருந்து விழும்படி ஒரு சிறு எல்இடி விளக்கு வையுங்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வயது வந்தவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணாடி போட்ட பிறகு கழுத்துவலி குறைகிறவர்களும் உண்டு.

இடுப்புவலிக்கு முதல் காரணம் சாய்மானம் இல்லாத ஸ்டூல். அடுத்தது தள்ளியிருக்கும் பெடல்: காலை எட்டிப்போட்டு மிதிக்கும்போது இடுப்பு பின்னால் உருண்டு முதுகு வளைகிறது. முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்றே விரிந்திருக்கும் தூரத்தில் பெடல் இருக்கட்டும். முதுகுச் சாய்மானமுள்ள நாற்காலி கிடைத்தால் இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு வைத்தால் போதும். கால்மிதி மெஷினில் பெல்ட் அளவுக்கு மேல் இறுகியிருந்தாலோ எண்ணெய் வற்றியிருந்தாலோ ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் பலம் வேண்டும். கெண்டைக்காலும் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கின்றன.

தரையில் துணி விரித்து வெட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குனிந்து, முறுக்கி, எட்டி வெட்டுவதைவிட முதுகுக்குக் கெடுதலான வேலை தையலில் வேறில்லை. நின்றுகொண்டு வெட்ட, முழங்கைக்கு 10 செ.மீ. தாழ்வான மேஜை வேண்டும்.

கைக்கு வருவோம். மழுங்கிய கத்தரிக்கோல் கட்டைவிரலின் அடித் தசைநார்களைக் கெடுக்கிறது. பிடி வளைந்த கத்தரிக்கோல் வாங்குங்கள். கீழ் அலகு மேஜையில் படிந்தபடி ஓடுவதால் மணிக்கட்டு மடியாது. தடித்த துணியை அடுக்கடுக்காக ஒரே வெட்டில் வெட்ட வேண்டாம். காஜா, கொக்கி, ஹெம்மிங் போன்ற கைவேலையை ஒரே நாளில் குவித்துச் செய்தால் ஊசியைக் கிள்ளிப் பிடித்த விரல்கள் ஓயவே ஓயாது. வெட்டு, தையல், இஸ்திரி, கைவேலை என்று மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும், பாபின் தீர்வதையே அழைப்பாக வைத்துக்கொள்ளலாம். இடுப்பில் கைவைத்து ஐந்து முறை பின்னால் வளையுங்கள். தாடையை உள்ளிழுத்து 5 விநாடி நிறுத்துவது பத்து முறை. கையை நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி 20 விநாடி. ஒரு மணிநேர வேலைக்கு இதில் போவது சில நிமிடங்கள்தான்.

சில அறிகுறிகளை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் தெளிகிறதென்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போனால், தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குறையும். கட்டைவிரல் மேடு வற்றும்வரை விட்டால் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கையைப் பலகை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். விளிம்பில் துணிப்பட்டை ஒட்டுங்கள். முதுகுவலியோடு கால் பலவீனமோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரப்போ, சிறுநீர், மலம் கட்டுப்படாமையோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிமாத்திரையை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் வரலாம்.