பேஸ்பால், சாஃப்ட்பால் போட்டிகளில் தவறான தீர்ப்பைப் பார்த்த இன்னொரு அம்பயர் ஏன் வாயே திறப்பதில்லை?

கேள்வியைப் படித்தால் நீங்கள் தோற்ற அணியின் பக்கம் நின்றவர் என்று தோன்றுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் அந்த இரண்டாவது அம்பயரைக் கோழை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். அந்த இடத்தில் பல ஆண்டுகள் நின்றவன் நான். தீர்ப்புச் சொன்னவர் கேட்டாலொழிய, அதை விமர்சிக்கவோ மாற்றவோ மற்ற அம்பயர் முயலக் கூடாது என்று பேஸ்பால் விதிப்புத்தகமே சொல்கிறது.

ஒரு சாஃப்ட்பால் போட்டியில் நான் முதல் பேஸ் பக்கம் இருந்தேன்; பேஸ் என்பது ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம். ஓட்டத்தை முடிக்கும் கடைசி இடமான ஹோம் பிளேட்டுக்கு ஓடிவந்த பெண் சறுக்கி விழ, அங்கே நின்ற பிளேட் அம்பயர் அவுட் என்று முஷ்டியை உயர்த்தினார். அங்கே பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முதுகு அவர் பார்வையை மறைத்துவிட்டது. பந்து கையுறையிலிருந்து நழுவியதும், கேட்சர் அதை முழங்காலடியிலிருந்து அள்ளியதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன; பந்தைக் கையில் பிடித்தபடி தொட்டால்தான் அவுட். பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் அசையவில்லை. பிறகு அவர் பிளேட் அம்பயரிடமே போய், "சார், உங்கள் துணை அம்பயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றார். பிளேட் அம்பயர் என்னிடம் வந்து தணிந்த குரலில், "பந்து கையில் இருந்ததா?" என்றார். "இல்லை சார், விழுந்துவிட்டது" என்றேன். திரும்பிப் போய் எல்லோர் முன்பும் சேஃப், அதாவது அவுட் இல்லை, என்று மாற்றினார். அவர் மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அம்பயருக்கு அம்பயர் வக்காலத்து என்பீர்கள். எல்லாத் தவறையும் இப்படித் திருத்த முடியாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனதாக ஃபௌல் என்று அம்பயர் குரல் கொடுத்ததும் ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள். ஓடியிருந்தால் யார் எந்த பேஸை எட்டியிருப்பார் என்று எப்படிச் சொல்வது? 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலாராகாவின் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்ட விடாத ஆட்டம்) கடைசி அவுட்டில் பறிபோனது. சேஃப் என்று சொன்ன அம்பயர் ஜிம் ஜாய்ஸ், ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்துத் தவறை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்றவில்லை. அப்போது அங்கே வீடியோ ரீப்ளே ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும்தான்; இத்தகைய தீர்ப்பை அணியின் மேனேஜர் ரீப்ளே கேட்டு எதிர்க்கும் உரிமை 2014இல்தான் வந்தது.

கேமரா இல்லாத மைதானத்தில் கேட்பது ஒன்றே வழி. அடுத்த பந்து வீசப்படும் முன் உங்கள் பயிற்சியாளர் தீர்ப்புச் சொன்னவரிடம் போகட்டும். ஆனால் செலவை மிச்சப்படுத்த ஒரே அம்பயரை நிறுத்துகிறார்களே அமைப்பாளர்கள், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த ஒருவருக்குத் தர வேண்டிய பணத்தையும் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். ஆளுயரக் கோப்பை வாங்க மட்டும் பணம் வந்துவிடுகிறது.