அசோகப்பட்டையா, நெட்டிலிங்கப்பட்டையா?

கேள்வி: போன மாதம் ஊட்டியில் ஒரு மூலிகைக் கடையில் அசோகப்பட்டைப் பொடி கால் கிலோ 400 ரூபாய்க்கு வாங்கினேன். மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம், அதற்காக. "தொட்டபெட்டா காட்டுப் பட்டை, கலப்படமே கிடையாது" என்றார் கடைக்காரர். மாமியாரோ இது நெட்டிலிங்கப் பட்டையாக இருக்கும் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் மாமியார் விவரமானவர். பள்ளிக்கூடச் சுவரோரம் கம்பம் போல நெடுநெடுவென்று நிற்கிறதே, நாம் அசோக மரம் என்று சொல்வது, அதுதான் நெட்டிலிங்கம். மருந்துக்கான அசோகு வேறு. அதன் இலைகள் ஒரே காம்பில் ஜோடி ஜோடியாக இருக்கும். பூ ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூத்துப் பிறகு சிவக்கும். நெட்டிலிங்கத்துக்கு ஓரம் நெளிந்த தனி இலை, கண்ணில் படாத பச்சைப் பூ. மரமாக நிற்கும்போது குழப்பமே இல்லை. உரித்துக் காயவைத்த பிறகுதான் வம்பு.

பட்டையாக வாங்கியிருந்தால் ஒடித்துப் பார்த்திருக்கலாம். அசோகப்பட்டையின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய வெள்ளை வரி ஓடும், மென்றால் துவர்க்கும். பொடியில் துவர்ப்பை மட்டும் நம்ப முடியாது. கடுக்காய் கலந்தாலும் துவர்க்குமே! ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துத்தான் சொல்ல முடியும்.

எனக்கு உறுத்துவது அந்தத் தொட்டபெட்டாப் பேச்சு. அது 2,637 மீட்டர் உயரம், உறைபனி விழும் இடம். அசோகு மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்வான ஈரக்காடுகளில், ஓடைக்கரைகளில் வளர்வது. அங்கேயும் இப்போது அருகிவிட்டது.

சரி, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆயுர்வேத மருந்தென்று விற்றால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். மூலிகையின் தாவரவியல் பெயரும், எந்தப் பாகம் என்பதும் வேண்டும். 'சராகா அசோகா, பட்டை' என்று இருந்தால் சரி. வெறும் 'அசோகா பவுடர்' ஸ்டிக்கர் என்றால் சாப்பிடாதீர்கள். அதிக உதிரப்போக்குக்குக் கட்டி, தைராய்டு என்று பல காரணம் இருக்கலாம். முதலில் மகளிர் மருத்துவரைப் பார்த்து ரத்தசோகை உண்டா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு, பில்லோடு கடைக்காரரிடம் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அப்புறமும் நடக்காவிட்டால் ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போகலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பில் தரவில்லையென்றால் ஜிபே ரசீதாவது இருக்கிறதா பாருங்கள். மீதிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், ஆய்வுக்கு அதுதான் வேண்டும்.