வாசகர் கேள்வி: ‘புவேனோ’ என்றால் நல்லது மட்டும்தானா?

கேள்வி: ஸ்பானிய வகுப்பில் ‘நலமா?’ என்று கேட்டதற்கு ‘எஸ்தோய் புவேனோ’ என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ‘புவேனோ’ என்றால் ‘நல்ல’ என்றுதானே அகராதியில் இருக்கிறது?

பதில்: அகராதி சரிதான். கூட வந்த வினைச்சொல்தான் உங்கள் காலை வாரிவிட்டது. ‘இரு’ என்பதற்கு ஸ்பானியத்தில் இரண்டு வினைகள்: இயல்பைச் சொல்லப் பெரும்பாலும் ‘செர்’ (‘எஸ்’ அதன் வடிவம்), அப்போதைய நிலைக்கு ‘எஸ்தார்’ (‘எஸ்தோய்’, ‘எஸ்தா’ இதன் வடிவங்கள்). ‘ஹுவான் எஸ் புவேனோ’ என்றால் ஹுவான் நல்லவன். அதையே ‘ஹுவான் எஸ்தா புவேனோ’ என்றால், ஆள் பார்க்கக் கிறக்கமாக இருக்கிறான் என்று கொச்சையாகப் பொருள்படும். அதைத்தான் உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்!

நலம் சொல்ல ‘எஸ்தோய் பியென்’ போதும். ‘பியென்’ வினையடை, நம் ‘நன்றாக’ மாதிரி. ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் மாறாது. நோய் தேறியவரை ‘யா எஸ்தா புவேனோ’ என்று சொல்வதும் உண்டு; ஆனால் காய்ச்சல் பற்றிய பேச்சு முன்னால் ஓடியிருக்க வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

சாப்பாட்டில் சங்கடமே இல்லை. ‘லா சோப்பா எஸ்தா புவேனா’ என்றால் சூப் ருசியாக இருக்கிறது. அங்கே ‘எஸ்’ போட்டால் சூப் தரமானது, உடம்புக்கு நல்லது என்று பொதுவாகச் சொன்னதாகும். இப்போது வாயில் வைத்த ருசியைச் சொல்ல ‘எஸ்தா’தான் வேண்டும்.

கேள்வி: சில இடத்தில் ‘புவென்’, சில இடத்தில் ‘புவேனோ’. எப்போது எது?

பதில்: ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் மட்டும் கடைசி ‘ஓ’ உதிரும்: ‘உன் புவென் அமிகோ’, நல்ல நண்பன். பின்னால் போனால் ‘உன் அமிகோ புவேனோ’. பெண்பாலிலும் பன்மையிலும் உதிராது: ‘உனா புவேனா அமிகா’, ‘புவேனோஸ் அமிகோஸ்’. ‘கெட்ட’ என்னும் ‘மாலோ’வும் இதே மாதிரி ‘மால்’ ஆகும். ஊர்ப் பெயரிலேயே இதைப் பார்க்கலாம். 1536இல் பெத்ரோ தெ மெந்தோசா அமைத்த குடியிருப்பின் பெயரில் இருந்தது ‘புவென் ஐரே’, ஒருமை. இன்றைய அர்ஜென்டினத் தலைநகரின் பெயர் ‘புவேனோஸ் ஐரெஸ்’, பன்மை.

கேள்வி: ‘உன் புவென் சுஸ்தோ’ என்று படித்தேன். ‘சுஸ்தோ’ என்றால் திடுக்கிடல். அதில் நல்லது என்ன இருக்கிறது?

பதில்: ‘நல்ல அடி’, ‘நல்ல மழை’ என்கிறோமே, அதில் இருப்பதுதான். அளவு பெரிது என்று பொருள். ‘உன் புவென் ராத்தோ’ என்றால் வெகுநேரம். இந்தப் பொருள் பெயருக்கு முன்னால் நிற்கும்போதுதான் வரும். ஒருவர் காரியத்தைக் கெடுத்துவிட்டால் ‘நல்ல வேலை பண்ணினே போ!’ என்று நாம் இழுப்பதுபோல அவர்களும் ‘புவேனா லா அஸ் எச்சோ!’ என்பார்கள். நேர்ப்பொருளில் புகழ்ச்சி, குரலில் ஏச்சு.

கேள்வி: ‘இன்னும் நல்ல’ என்பதற்கு ‘மாஸ் புவேனோ’ சரியா?

பதில்: பொதுவாக ‘மேஹோர்’, பன்மையில் ‘மேஹோரெஸ்’, பால் பார்த்து மாறாது. ‘மாஸ் புவேனோ’ மனிதரின் நற்குணத்தை ஒப்பிடும்போது காதில் விழும். ‘மாஸ் மேஹோர்’ வேண்டாம். ‘அதிக மேலான’ என்பதுபோல இரட்டிப்பு.

கேள்வி: மெக்சிகோவில் போனை எடுத்ததும் ‘புவேனோ?’ என்கிறார்களே, எது நல்லது?

பதில்: ஒன்றும் இல்லை, அது வெறும் ‘ஹலோ’. ஸ்பெயினில் அதே இடத்தில் ‘தீகா’ அல்லது ‘தீகாமே’ என்பார்கள், ‘சொல்லுங்கள்’ என்று. பேச்சின் தொடக்கத்தில் இழுத்துச் சொல்லும் ‘புவேனோ…’ நம் ‘சரி…’ போல. அங்கே அது உரிச்சொல்லே அல்ல, ஆண் பெண் பார்த்து மாற்றாதீர்கள்.